நாக்கு காலுக்கு இறங்கிய வருசம்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் விடிந்தபோது மேக்கால்பாளையத்தில் இருந்த அத்தனை பேருடைய நாக்கும் காலுக்கு இறங்கியிருந்தது. வாயில் இருந்த நாக்கு வாயிலேயேதான் இருந்தது, பேசியது, சோற்றைப் புரட்டியது, வழக்கம்போலப் பொய்யும் சொன்னது. ஆனால் செருப்பில்லாமல் மண்ணில் கால் வைத்தவர்களுக்கெல்லாம் அந்த மண்ணின் ருசி உள்ளங்காலில் பிடித்து, கெண்டைக்கால் வழியாக ஏறி, முதுகுத்தண்டைக் கடந்து, அடித்தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பால் கறக்கப் போனவர்கள் கட்டுத்தரையில் கால் வைத்ததும் சொம்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் துப்பினார்கள். வாசல் தெளிக்க வந்த பெண்கள் சாணித்தண்ணீர் வாளியோடு நின்ற இடத்திலேயே குமட்டினார்கள். வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டால் ஒன்றும் இல்லை, வெளியூர்க்காரர்கள் உள்ளே வந்து நின்றாலும் அவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. பேருந்தில் ஏறியதும் ஊரே சன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் துப்பியதைப் பார்த்த நடத்துனர், எல்லாரும் கண்ணாலத்துக்குப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறீர்களா என்று கேட்டார். நாக்கு கீழே இறங்கிவிட்டது என்று சொன்னார்கள். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மஞ்சளுக்குக் களையெடுக்கும் பருவம் அது, மலைத்துப்போய் உட்கார யாருக்கும் நேரமில்லை. ஒரு வாரத்துக்குள் ஊர் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டது. மாரியம்மன் கோயிலில் கொடிமரம்வரை செருப்போடு வரலாம் என்று பூசாரி அனுமதி கொடுத்தார், அங்கிருந்து கருவறை வாசல்வரை பலகை போட்டார்கள். வரப்புத் தகராறில் இருந்த அண்ணன் தம்பி இருவர் வெறுங்காலோடு எல்லைக்கல் அருகில் நின்று, தாத்தா காலத்தில் எருக்குழி எந்தப் பக்கம் இருந்தது என்பதை நாக்காலேயே தீர்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், இந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பெண் வீட்டு வயற்காட்டில் நடக்கவிட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் கடைவாயில் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாயை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். நாற்றுப் பாத்திச் சேற்றில் செருப்பு நிற்காது, கால் வைத்தால்தான் வேலை.

அருவருப்புக்கென்றே பிறந்த ஒருத்தி அந்த ஊரில் உண்டு என்றால் அது துளசிமணிதான். ஒரு நாளைக்கு மூன்று முறை குளிப்பாள், வாசற்படியைப் பினாயில் ஊற்றிப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பாள், விருந்துக்குப் போனால் தானே தோலுரித்துக்கொள்கிற வாழைப்பழத்தை மட்டும் தின்றுவிட்டு வந்துவிடுவாள். அவளைக் கொண்டுபோய்ப் பொங்கியண்ணனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பொங்கியண்ணன் வாயில் எந்நேரமும் புகையிலை இருக்கும், முழங்கைவரை எருக்குழி நாற்றம் இருக்கும், சமையலறைக்குப் பின்னால் சாணம், கோமியம், புளித்த மோர், அழுகின வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒரு நீல டிரம்மில் போட்டு ஊறவைத்துக்கொண்டு காலையும் மாலையும் அதைக் கைவிட்டுக் கலக்குவார், கலக்கின கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சாப்பிட வருவார். மகள் பிறந்த கையோடு துளசிமணி அவருடைய படுக்கையை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றிவிட்டாள். அவர் இருபத்தாறு வருசம் கொட்டகையில் படுத்தார், தன் தட்டைத் தானே கழுவினார், மகளைக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்தார், போன மாசியில் கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஊரில் எரிப்பதுதான் வழக்கம் என்றாலும், தன்னை எரிக்காமல் தோட்டத்திலேயே போட்டுவிடச் சொல்லியிருந்ததால், மஞ்சள் காட்டின் வடகோடியில் குழிவெட்டிப் புதைத்தார்கள். பிணத்தைக் குளிப்பாட்டும்போதுகூடத் துளசிமணி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டுதான் நின்றாள் என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள், அது உண்மைதான்.

ஆகவே ஆடி பத்தொன்பதாம் தேதி அவள் தன் காட்டில் வழக்கம்போல வெறுங்காலோடு இறங்கியபோது என்ன ஏறியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் பழங்கழுநீரில் ஊறின துணியைப் பிழிந்து வாயில் ஊற்றியதுபோல ஒரு கொழகொழத்த புளிப்பு. அதற்குள்ளேயே, மூடிவைத்து மறந்த தேங்காய்மூடியில் பூத்த பூஞ்சணத்தை நக்கியதுபோல, நூல்நூலாக ஒரு கசப்பு. வடக்கே நடக்க நடக்க இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று. பத்தடி வைப்பதற்குள் அது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புகையிலையும் வேர்வையும் டிரம்மும் சேர்ந்த, இருபத்தாறு வருசமாக அவள் மூக்கை மூடிக்கொண்டு தப்பித்துவந்த அதே வாடை, இப்போது ருசியாகத் தொண்டைக்குள். வரப்பைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் பித்தம் வரும்வரை வாந்தியெடுத்தாள். வீட்டுக்குப் போய் உப்பு வைத்து நாக்கைத் தேய்த்தாள், ரத்தம் வந்தது, ருசி போகவில்லை.

ஆவணி பிறப்பதற்குள் ஊரார் மண்ணின் ருசியைப் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். கசப்புக்கு நூல் என்றும் புளிப்புக்குக் கொழ என்றும் பேர் வைத்தார்கள். எந்தக் காட்டிலும் இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன. வெயிலில் கொழ அங்கங்கே அடங்கிக் கிடக்கும். தண்ணீர் பாய்ந்ததும் நூலைப் பிடித்துக்கொண்டு, ஈரக்கயிற்றில் எண்ணெய் இறங்குவதுபோல, ஓரத்திலிருந்து வேர்வரைக்கும் வழிந்து போகும், போகிறது நாக்கில் தெரியும். சில இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று ஊட்டின. அங்கே கெட்டுப்போன தயிர்போல வாய் முழுக்கக் கொழுத்தது. சில இடங்களில் கொழ நூலைத் தின்றது, அல்லது நூல் எதையோ கக்கிக் கொழயைக் கொன்றது. அங்கே கால் வைத்தால் மாத்திரையை மென்றதுபோல நாக்கு மரத்தது. காலுக்கடியில் இப்படி ஒரு தின்னலும் கக்கலும் ஓயாமல் நடந்துகொண்டிருக்க, அதன் மேலேதான் இத்தனை காலம் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம் என்பது துளசிமணிக்குச் சகிக்கவில்லை.

வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஜெசிந்தா என்கிற பெண் வந்தாள். நாகர்கோவில்காரி, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் குடியிருந்தாள், அவளுக்கு எதுவும் ஏறவில்லை. நூல் என்பது பூஞ்சை, கொழ என்பது பாக்டீரியா, பாக்டீரியாவால் காய்ந்த மண்ணில் ஒரு விரற்கடைகூட நகர முடியாது, பூஞ்சை நூலின்மேல் படிந்திருக்கிற ஈரத்தில் நீந்தித்தான் போகும் என்று அவள் விளக்கினாள். அதுதான் காலிலேயே தெரிகிறதே என்று பெண்கள் சொன்னார்கள். ஜெசிந்தா அதற்குமேல் விளக்காமல், எந்தக் காட்டில் என்ன ருசி என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். துளசிமணி தன் காட்டு ருசியைச் சொல்ல மறுத்துவிட்டாள்.

சொல்லாமல் நேரே உர மருந்துக் கடைத் தண்டபாணியிடம் போய், நூலும் கொழயும் இரண்டும் சாகிற மாதிரி மருந்து வேண்டும் என்று கேட்டாள். பயிரில் ஒரு கோளாறும் இல்லாதபோது எதற்கு அம்மணி என்று அவரே தயங்கினார். அவள் விடவில்லை. மயில்துத்தத்தைக் கரைத்து வரிசை வரிசையாக வேருக்கு ஊற்றினாள், அது காய்ந்ததும் பாத்தி வாய்க்கால் முழுக்கப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தண்ணீரைத் திருப்பினாள், அது போதாதென்று தண்டபாணி கொடுத்த இன்னும் இரண்டு புட்டிகளையும் ஊற்றினாள். காடு நீலமாகக் கிடந்தது. வடகோடியில் குழிமேட்டைச் சுற்றியிருந்த ஏழெட்டுப் பாத்திக்கு மட்டும் ஊற்றவில்லை. முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருந்தும் அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை.

எட்டாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். ஒன்றும் இல்லை. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் பாத்திரத்தை நக்கியதுபோல, ஒன்றுமே இல்லை. துளசிமணி அந்த வெறுமையில் கைகளை விரித்துக்கொண்டு இங்குமங்கும் நடந்தாள், ஒரு மாதத்தில் முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டாள். ஊருக்குச் சேதி தெரிந்து, களையெடுக்கிற பெண்கள் மத்தியானத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அவள் காட்டுக்கு வந்து, வெறுங்காலை நீட்டிப் போட்டுச் சோறு தின்ன ஆரம்பித்தார்கள். மாசமாக இருந்தவர்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஊரிலேயே சுத்தமான இடம் அது ஒன்றுதான் என்று எல்லாரும் சொல்லச் சொல்ல, அவள் வரப்பையும் பெருக்கித் தள்ளினாள்.

புரட்டாசி மழை மூன்று நாள் பெய்தது. நாலாம் நாள் காட்டில் ஒரு இனிப்பு இருந்தது. மிக லேசாக, கனிந்து கறுத்த பூவன் பழத்தின் வாசம்போல. பெண்கள் சப்புக்கொட்டினார்கள், குழந்தைகளைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். இனிப்பு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. பத்தாம் நாள் மஞ்சள் இலைகள் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கின. துளசிமணி ஒரு தண்டைப் பிடித்து லேசாக இழுத்தாள், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது, அடியில் கிழங்கு இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பாக, பழுத்துப்போன சீழ்க்கட்டிபோல ஒன்று உடைந்து அவள் விரலிடுக்கில் ஒழுகியது. கிழங்கழுகல். எதிர்க்க ஆளில்லாத மண்ணில் அதுதான் முதலில் வந்து குடியேறியிருந்தது, இத்தனை நாள் ஊரே நின்று ருசித்தது அதைத்தான். அவள் அந்தக் கையைச் சோப்புப் போட்டுப் பதினோரு முறை கழுவினாள். பிறகு அந்தக் கையால் சாப்பிடவே இல்லை, கரண்டியால் சாப்பிட்டாள்.

தண்டபாணி தன் கடையில் இருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தார், இனிப்பு அதையும் குடித்துவிட்டுப் பரவியது. துளசிமணி காட்டுத் தண்ணீர் வடிகிற பள்ளத்தில்தான் பாவாயக்கா காடு. ஒருநாள் காலையில் பாவாயக்கா வந்தாள். சண்டை போடவில்லை. தன் காட்டிலிருந்து பிடுங்கிய ஒரு மஞ்சள் குத்தைத் துளசிமணியின் தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகிப் படியிலிறங்கிக் கோலத்தில் கலந்தது. துளசிமணி அதைக் கழுவாமல் மத்தியானம்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அன்று ஜெசிந்தா வந்தபோது காடு முழுக்கச் சாய்ந்து கிடக்க, வடகோடியில் ஏழெட்டுப் பாத்தி மட்டும் ஆளுயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது. அவள் அங்கே போய் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாள், நொறுக்கினாள், வெள்ளை நூல்கள் விரல்களுக்கிடையே தொங்கின. அழுகலைப் பிடித்து வைக்கிற கூட்டம் இங்கேதான் உயிரோடு இருக்கிறது, இந்த மண்ணை எடுத்துச் சாணத்தோடும் உமியோடும் மிதித்து, நிழலில் நூலோடவிட்டு, கரைத்து வேருக்குக் கொடுத்தால் பள்ளத்துக் காடுகளையாவது காப்பாற்றலாம் என்றாள். செருப்புக்கால் வேண்டாம், பக்குவம் காலுக்குத்தான் தெரியும், ருசி பார்த்து மிதிக்க உங்கள் ஊர்க்காரர்களால் மட்டும்தான் முடியும் என்றும் சொன்னாள்.

துளசிமணி சொன்னாள்: "இருவத்தாறு வருசம் அந்தாளு பக்கத்துல நான் படுக்கலீங். இப்ப அந்தாள மிதிக்கச் சொல்றீங்க."

ஜெசிந்தா, "வேற மண்ணு இல்லையேக்கா," என்றாள்.

கூலிக்கு மிதிக்க ஊரில் யாரும் வரவில்லை. வயிற்றுக்கு வேலை செய்வோம், பொங்கியண்ணன்மேல் ஏறி நிற்கமாட்டோம் என்றார்கள். ஆக, ஐப்பசி முதல் வாரத்தில், தென்னங்கீற்றுப் பந்தலுக்கடியில் குழிமேட்டைச் சுற்றியிருந்த மண்ணைக் கொட்டி, சாணத்தையும் உமியையும் கொட்டி, தண்ணீர் தெளித்து, சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு துளசிமணியே இறங்கினாள். முதல் நாள் நாலு முறை வாந்தியெடுத்தாள், வாந்தியும் குவியலிலேயே விழுந்தது, அதையும் சேர்த்து மிதித்தாள். கொழ விரலிடுக்கில் பிதுங்கியது, நூல் நகக்கண்ணில் சுற்றியது, அவற்றுக்கடியில் அந்த மனிதர் அவள் தொண்டைவரை எழுந்து நின்றார், கொட்டகை வாசலில் நிற்பதுபோல, உள்ளே வரலாமா என்று கேட்காமல். இரண்டாம் நாள் வாந்திக்கு ஒன்றும் மிச்சமில்லை, வெறுமனே ஓங்கரித்தபடி மிதித்தாள். மூன்றாம் நாள் அழுதுகொண்டே மிதித்தாள். துக்கமில்லை, அருவருப்புத்தான், அதற்கும் கண்ணில் தண்ணீர் வரும் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. எட்டாம் நாள் குவியல் முழுக்க வெள்ளை பூத்து, பஞ்சு மெத்தைபோலக் கதகதப்பாக மூச்சுவிட்டது. அதைத் தொட்டுப் பார்த்தாள். அருவருப்பில் மயிர்க்கால் நிமிர்ந்தது. கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.

கரைத்து முதலில் பாவாயக்கா காட்டில்தான் ஊற்றினாள். இரண்டு பேரும் வெறுங்காலோடு பாத்திக்கு இந்தக் கோடியும் அந்தக் கோடியுமாக நின்றார்கள். முதல் நாலு நாள் இனிப்பு அசையவில்லை. பிறகு அங்கங்கே நாக்கு மரத்தது. நூல் நீண்டு போக, அதைப் பிடித்துக்கொண்டு கொழ ஓட, இரண்டும் போய் முட்டின இடத்திலெல்லாம் மாத்திரைக் கசப்பு எழுந்து, இனிப்பு ஓரமாக ஒதுங்கி, ஒதுங்கி, கார்த்திகைத் தீபத்துக்குள் பள்ளத்து மூலையில் ஒரு முறம் அளவுக்குச் சுருங்கியது. அடிபட்ட குத்துகள் திரும்பவில்லை, மற்றவை தப்பித்துக்கொண்டன. காடு பழையபடி நாறியது. பாவாயக்கா துப்பிவிட்டுச் சிரித்தாள்.

அதன் பிறகு ஒவ்வொருவராகக் கூடையோடு வந்தார்கள். பிணத்து மண் எங்களுக்கு வேண்டாம் என்று சொன்னவர்களும் வந்தார்கள், தண்டபாணியும் தன் தங்கை காட்டுக்கென்று வந்தார். மழை வந்ததைச் சொல்வதுபோல, பொங்கியண்ணன் எங்க மேட்டுக்காட்டுக்கும் வந்துட்டாருங் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது அவரோடு பத்து வார்த்தை பேசியிராதவர்களுக்குக்கூட இப்போது அவர் எப்படி இருப்பார் என்று தொண்டையில் தெரிந்தது. அவள் ஒருத்தி மட்டும் சகித்துவந்ததை ஊரே சகித்தது, அதில் துளசிமணிக்கு ஒரு குரூரமான நிம்மதி இருந்தது.

மார்கழியில் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது பாவாயக்கா கேட்டாள்: "ஏம்புள்ள, உம்ற ஊட்டுக்காரர் பொகையலையோட கிராம்பும் போடுவாரா? அடீல ஒரு கிராம்பு ருசி நிக்குது பாரு."

துளசிமணிக்கு அப்படி ஒன்றும் தெரியாது. மருந்துக் கடைக்குப் பக்கத்திலேயே மளிகை வைத்திருந்ததும் தண்டபாணியின் குடும்பம்தான் என்பதால் அவரைக் கேட்டாள். வாரா வாரம் கிராம்பு வாங்குவார், வீட்டுக்குள் போகும்போது வாய் நாறக்கூடாது என்று சொல்லுவார், ரொம்ப வருசமாக வாங்கினார் என்று தண்டபாணி சொன்னார். அவள் காட்டுக்குத் திரும்பிப்போய் வடகோடியில் வெறுங்காலோடு நின்றாள். புகையிலைக்கும் வேர்வைக்கும் டிரம்முக்கும் கீழே, ஆமாம், அது இருந்தது. மூக்கை மூடாமல் ஒரு கைதூரத்தில் வந்தவர்களுக்குத்தான் எட்டியிருக்கும். கிராம்பு வாடையும் அவளுக்குப் பிடிக்காது. இருட்டும்வரை அங்கேயே நின்றாள்.

தைக்கு நாலு நாள் முன்னால் மஞ்சள் கொத்து ஏற்ற லாரிகள் வந்து நின்றபோதுதான் ஊருக்குள் பேச்சு எழுந்தது. இந்தக் கொத்து எங்கெங்கோ பொங்கல் பானையின் கழுத்தில் ஏறும், கிழங்கு யார் யார் குழம்பிலோ போகும். இது பொங்கியண்ணன் மண்ணில் விளைந்தது என்று அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ருசியும் ஏறாது, அனுப்பலாம் என்று பாதிப்பேர் சொன்னார்கள். நாம் தின்னாததை ஊராருக்கு எப்படி அனுப்புவது என்று மீதிப்பேர் கேட்டார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் லாரிகளை நிறுத்திவைத்துக்கொண்டு, அங்கேயே அடுப்புக் கூட்டி, பள்ளத்துக் காட்டுக் கொழுந்து மஞ்சளை இடித்துப் போட்டுப் பருப்புக் கடைந்தார்கள். சோறும் வடித்தாயிற்று. இலைகள் போட்டிருந்தன, ஊரே நின்றது, யாரும் உட்காரவில்லை. பூசாரி சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர்கள் பீடியை அணைத்துவிட்டு என்னவென்று பார்த்தார்கள்.

விருந்தில் ஒருநாளும் கை நனைத்திராத துளசிமணி கூட்டத்துக்குள்ளிருந்து வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாவாயக்கா சோற்றைப் போட்டுப் பருப்பை ஊற்றினாள். துளசிமணி பிசைந்து, ஒரு உருண்டை உருட்டி, வாயில் போட்டு மென்றாள். அவள் முகம் சுளித்தது, கண் நிறைந்தது, கழுத்து நரம்பு எழுந்து ஒருமுறை உள்ளிருந்து உந்திக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். இறங்கிவிட்டது என்பது தொண்டை அசைவில் எல்லாருக்கும் தெரிந்தது.

எப்படி இருக்கிறது என்று பாவாயக்கா மெதுவாகக் கேட்டாள்.

"கொமட்டுதுக்கா," என்றாள் துளசிமணி. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு கரண்டி ஊத்து," என்றாள்.